தண்ணீர் எப்போது மாறியது? காலத்தொடரில் மாற்றப் புள்ளி தேட எந்த மென்பொருள்?

பாகூர் (புதுச்சேரி) வாசகர் கேள்வி, 2 ஜூன் 2025

எங்கள் குடியிருப்பில் ஓர் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. 2016 ஜனவரியிலிருந்து வாரம் ஒருமுறை டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) அளந்து நோட்டில் எழுதி வருகிறோம். தண்ணீர் உப்பாகிவிட்டது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எப்போதிலிருந்து என்பதில்தான் சண்டை. போன வருடம் வந்த ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு என்கிறது ஒரு தரப்பு. 2021இலேயே கெட்டுவிட்டது என்கிறது இன்னொரு தரப்பு. ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் சேஞ்ச்பாயிண்ட் தொகுப்பைப் போட்டுப் பார்த்தேன். அதில் பல மாற்றங்களைத் தேடும் பெல்ட் முறை, ஏறக்குறைய ஒவ்வொரு வாரத்திலும் ஒரு மாற்றப் புள்ளியை (தொடரின் நிலை மாறும் இடத்தை) காட்டுகிறது. என் தம்பி பைத்தானில் ரப்ச்சர்ஸ் போட்டான். அவனுக்கு வந்த புள்ளிகள் எல்லாம் 5இன் மடங்காகவே இருக்கின்றன. எந்த மென்பொருளை நம்புவது, அண்ணா?

3 ஜூன் 2025

இரண்டு மென்பொருளும் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கின்றன. ஆனால் இரண்டும் நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கின்றன.

முதலில் சேஞ்ச்பாயிண்ட். சராசரி மாற்றத்தைத் தேடும் அதன் கட்டளை, தரவின் இரைச்சலுக்கு, அதாவது காரணமில்லாத சின்ன ஆட்டத்துக்கு, பரவற்படி (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) 1 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. உங்கள் டிடிஎஸ் வாரத்துக்கு வாரம் இருபது முப்பது ஏறி இறங்கும். அப்படியானால் பரவற்படி பல நூறு. ஒரு புதிய மாற்றப் புள்ளியைச் சேர்க்க அந்தத் தொகுப்பு விதிக்கும் அபராதமோ, 490 வாசிப்புகளுக்கு ஏறத்தாழ 19. ஒவ்வொரு சின்ன ஆட்டத்தையும் தனித்துண்டாக வெட்டினாலும் அதன் கணக்கில் லாபம்தான். அதனால்தான் வாரா வாரம் வெட்டியிருக்கிறது.

தீர்வு எளிது. தரவை அதன் இரைச்சலின் திட்ட விலக்கத்தால் வகுத்துவிட்டு ஓட்டுங்கள். முழுத் தொடரின் திட்ட விலக்கத்தை எடுக்காதீர்கள்; அதில் நீங்கள் தேடும் மாற்றமும் கலந்திருக்கும். ஒவ்வொரு வாசிப்பிலிருந்தும் அதற்கு முந்தைய வாசிப்பைக் கழியுங்கள். அந்த வித்தியாசங்களின் குறியை நீக்கி இடைநிலையை எடுத்து, 1.4826ஆல் பெருக்கி, 1.414ஆல் வகுங்கள். நடுவில் ஓரிரு பெரிய தாவல்கள் இருந்தாலும் இந்த அளவு அசையாது.

இன்னொன்று. முறை எதையும் சொல்லாமல் அதே கட்டளையை ஓட்டினால், அது அதிகபட்சம் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் தேடும். “ஒரே ஒரு புள்ளிதான் வந்தது, எனவே ஒரே மாற்றம்தான்” என்று இதை வைத்து எழுதிய அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். ஒன்றுக்கு மேல் தேடாதே என்று சொல்லிவிட்டு, ஒன்றுதான் கிடைத்தது என்று எப்படி முடிவுக்கு வருவது?

இனி ரப்ச்சர்ஸ். சார்ல் ட்ரூவோங் குழுவினர் எழுதிய நல்ல தொகுப்பு. அதன் பெல்ட் தேடலில் தாவல் அளவு என்று ஓர் அமைப்பு உண்டு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அதன் மதிப்பு 5. வேகத்துக்காக ஐந்து ஐந்தாகத் தாவித்தான் மாற்றப் புள்ளிக்கு இடம் பார்க்கும். வார வாசிப்பு என்றால் இரண்டு வாரம் தள்ளிப்போக இது ஒன்றே போதும். புயலா, அதற்கு முன்பா என்று நீங்கள் சண்டை போடும்போது இரண்டு வாரம்கூடப் பெரிய விஷயம். அதை 1 ஆக்கச் சொல்லுங்கள். 490 எண்களுக்குக் கணினி மூச்சுக்கூட வாங்காது.

3 ஜூன், இரவு

பட்டியலின் கடைசியில் ரப்ச்சர்ஸ் தரும் எண், தொடரின் நீளம். அது மாற்றப் புள்ளி இல்லை. தம்பியிடம் அதை நீக்கிவிட்டு எண்ணச் சொல்லுங்கள்.

4 ஜூன் 2025

எந்த மென்பொருளாக இருந்தாலும் முதலில் நைல் நதித் தரவில் ஓட்டிப் பாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். அஸ்வானில் 1871 முதல் 1970 வரை அளந்த ஆண்டு நீரோட்டம், மொத்தம் 100 எண்கள். ஆர் மொழியோடு கூடவே வருகிறது. 1898 வரை சராசரி ஏறத்தாழ 1098. அதற்குப் பிறகு 850. அலகு பத்துக் கோடி கன மீட்டர். இவ்வளவு தெளிவான தாவலைக் காட்டாத ஒரு கருவியை, அல்லது அதில் பத்து இடத்தில் வெட்டும் ஓர் அமைப்பை, பாகூர்க் கிணற்றுக்குக் கொண்டுவர வேண்டாம்.

அதை ஓட்டும்போது ஒரு நுணுக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர் தொகுப்புகள் 28 என்று சொன்னால், பழைய நிலையின் கடைசி வாசிப்பு 28ஆவது என்று பொருள், அதாவது 1898. ரப்ச்சர்ஸும், தாவல் 1 என்று வைத்தால், அதே 28ஐத்தான் தரும். ஆனால் பைத்தான் சுழியிலிருந்து எண்ணுகிறது. அங்கே 28ஆம் இடத்தில் இருப்பது புதிய நிலையின் முதல் வாசிப்பு, 1899. எண் ஒன்று, ஆண்டு வேறு. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மொழியில் ஓட்டுகிறீர்கள். எண்ணைப் பேசாமல் தேதியைப் பேசுங்கள்.

ஆர் மொழியின் ஸ்ட்ரக்சேஞ்ச் தொகுப்பைக் கொஞ்சம் அழுத்தியே பரிந்துரைக்கிறேன். ஸைலைஸ், லைஷ், ஹார்னிக், கிளைபர் நால்வரும் 2002இல் அதை விவரித்து எழுதினார்கள். நைல் தரவுக்கு அது 1898 என்று சொல்வதோடு, மாற்றம் எங்கே இருக்கலாம் என்பதற்கான 95 சதவீத இடைவெளியாக 1895 முதல் 1902 வரை என்றும் சொல்லும். கண்ணால் பார்த்தாலே தெரிகிற தாவலுக்கே ஏழு ஆண்டு இடைவெளி! உங்கள் இரு தரப்பும் ஒரு மாதத்தைக் குறித்துக்கொண்டு அடித்துக்கொள்வதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

6 ஜூன் 2025

பாகூர் வாசகரே, இரைச்சலால் வகுத்து ஓட்டிவிட்டீர்கள். மாற்றப் புள்ளிகள் இருபதுக்குக் கீழே வந்துவிட்டன. நல்லது. அனுப்பிய தேதிகளைப் பாருங்கள்: பெரும்பாலானவை நவம்பர் டிசம்பரிலும் ஏப்ரல் மே மாதங்களிலும் விழுகின்றன. அது வடகிழக்குப் பருவமழை. நம் பக்கத்தில் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. உப்பு நீர்த்துப்போகும், டிடிஎஸ் இறங்கும். கோடையில் மட்டம் கீழே போகப் போக உப்பு ஏறும். சராசரி மாற்றம் தேடும் எந்தக் கருவியும் ஒவ்வொரு மழையையும் ஒரு மாற்றமாகவே எண்ணும். மழைக்காலம் வரும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லையே.

வழி இரண்டு. பருவத்தைக் கழித்துவிட்டு மீதியில் தேடுவது ஒன்று. கிளீவ்லாண்ட் குழுவினரின் 1990ஆம் ஆண்டு முறையான எஸ்டிஎல் அதற்குப் போதும். ஆரிலும் பைத்தானிலும் இருக்கிறது. ஆனால் கழிக்கும்போதே போக்கையும் வழவழப்பாக்கிவிடும் என்பதால், கூர்மையான தாவல் இருந்தால் மழுங்கிப்போகும். மற்றொன்று, பருவம், போக்கு, மாற்றம் மூன்றையும் சேர்த்தே பொருத்துவது. செயற்கைக்கோள் படங்களில் காடுகளின் மாற்றத்தைக் கண்டுபிடிக்க வெர்பெசெல்ட் குழு 2010இல் உருவாக்கிய பிஃபாஸ்ட் இந்த வகை. ஆர்பீஸ்ட் இன்னொன்று. இது பேய்சிய முறை. ஒவ்வொரு வாரத்திலும் மாற்றம் நடந்திருக்க வாய்ப்பு எவ்வளவு என்று வரைந்தே காட்டும். விட்டுப்போன வாசிப்புகளையும் பொறுத்துக்கொள்ளும். 2020 பொதுமுடக்கத்தில் உங்கள் நோட்டில் காலியாகக் கிடக்கும் வாரங்களுக்கு இது முக்கியம்.

முதல் நாள் ரப்ச்சர்ஸைச் சரிசெய்து ஓட்டச் சொன்னேன். இப்போது யோசித்தால், உங்கள் தரவுக்கு அது இரண்டாம் கட்டத்துக்குப் போகட்டும். முதலில் ஆர்பீஸ்ட்.

7 ஜூன் 2025

வில்லியனூரிலிருந்து ஒருவர், “பத்து மென்பொருள் பெயரை வரிசையாகப் போடுங்கள், நாங்கள் தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம்” என்கிறார். போட மாட்டேன். எது மாறியது, சராசரியா, ஆட்டத்தின் அளவா, சரிவா, பருவத்தின் வடிவமா? எத்தனை முறை மாறியிருக்கலாம்? பழைய தரவைத் திரும்பிப் பார்க்கிறீர்களா, இன்று வரும் தரவைக் காவல் காக்கிறீர்களா? இவற்றைச் சொல்லுங்கள். பெயர் தானாக வந்துவிடும்.

9 ஜூன் 2025

அந்த வில்லியனூர் நண்பரே நல்ல கேள்வியோடு திரும்பியிருக்கிறார். ஊசுட்டேரி நீர்மட்டம், தினசரி அளவு, எங்கே பார்த்தாலும் மாற்றப் புள்ளி. பருவத்தைக் கழித்த பிறகும் அப்படியே.

ஏரி மட்டம் நேற்றைய மட்டத்தை ஒட்டியே இன்று இருக்கும். இந்தத் தன்னொட்டுறவுதான் மாற்றப் புள்ளி தேடுபவர்களை அதிகம் ஏமாற்றுகிறது. நாம் பயன்படுத்தும் பெரும்பாலான கருவிகள், துண்டுக்குள் வாசிப்புகள் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொள்கின்றன. ஒட்டுறவு பலமாக இருக்கும் தொடர் எந்தக் காரணமும் இல்லாமலே மேலே கொஞ்ச நாள், கீழே கொஞ்ச நாள் என்று அலையும். கருவி அதை நிலை மாற்றம் என்று வெட்டிவிடும்.

நான் செய்வது இது. மாற்றமே இல்லாத, ஆனால் அதே அளவு ஒட்டுறவு உள்ள பொய்த் தொடர்களைக் கணினியில் ஏராளமாக உருவாக்கி, அதே அமைப்புகளோடு கருவியை ஓட்டுவேன். பொய்த் தொடரில் சராசரியாக எட்டுப் புள்ளி வருகிறது, உண்மைத் தொடரிலும் எட்டுதான் வருகிறது என்றால், கையில் எதுவும் இல்லை. ஆர் தெரிந்த எவரும் ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம். இதைச் செய்யாமல் எந்த முடிவையும் கூட்டத்தில் வைக்காதீர்கள். நிலத்தடி நீர் வேலையில் நான் கற்றதிலேயே மிகப் பயனுள்ள பழக்கம் இதுதான்.

ஆயத்தக் கருவி வேண்டுமென்றால் ஆர் மொழியில் என்வ்சிபிடி இருக்கிறது. தட்பவெப்ப, சுற்றுச்சூழல் தொடர்களுக்கென்றே எழுதியது. நிலையான சராசரி, போக்கு, தன்னொட்டுறவு, மாற்றப் புள்ளி ஆகியவற்றைக் கலந்து 12 மாதிரிகளைப் பொருத்தி எது சிறப்பு என்று ஒப்பிடும். வெறும் ஒட்டுறவே போதும், மாற்றம் வேண்டாம் என்றும் அதனால் சொல்ல முடியும். அப்படிச் சொல்லத் தெரிந்த கருவிகள் குறைவு.

12 ஜூன் 2025

கடலூர் மஞ்சக்குப்பத்து ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: பிளஸ் டூ மாணவர்களுக்கு எக்செலில் காட்ட முடியுமா? பள்ளிக் கணினியில் ஆர் நிறுவ வழியில்லையாம்.

முடியும் அம்மா. நிறுவ எதுவுமே வேண்டாம். இ. எஸ். பேஜ் 1954இல் தொடங்கிவைத்த திரள்கூட்டு முறை, கியூசம், இருக்கிறது. முதல் நிரலில் வாசிப்பு. இரண்டாவது நிரலில் வாசிப்பிலிருந்து மொத்தச் சராசரியைக் கழித்தது. மூன்றாவது நிரலில் அந்த வித்தியாசங்களை மேலிருந்து கீழாகக் கூட்டிக்கொண்டே வந்த தொகை. மூன்றாவது நிரலை வரைபடமாகப் போடுங்கள். சராசரி மாறவில்லை என்றால் கோடு சுழியைச் சுற்றி அலையும். மாறியிருந்தால் ஒரு திசையில் ஏறி, ஓரிடத்தில் முறிந்து, எதிர்த் திசையில் இறங்கும். முறிந்த முனைதான் மாற்றம் நடந்த இடம். நைல் தரவில் போட்டால் 1898இல் மலையுச்சி போல நிற்கும். மாணவர்கள் கையாலேயே கிராஃப் தாளில் போடலாம். நூறு கழித்தல், நூறு கூட்டல்.

அது தற்செயலா என்று பார்க்க, வாசிப்புகளைச் சீட்டு கலைப்பதைப் போலக் கலைத்து மறுபடி கோடு போட வேண்டும். ஆயிரம் முறை கலைத்தும் அந்த உயரத்தை எட்டும் கோடு அபூர்வம் என்றால் மாற்றம் மெய்யானது. வேய்ன் டெய்லரின் சேஞ்ச்பாயிண்ட் அனலைசர் என்ற விண்டோஸ் மென்பொருள் இந்த இரண்டு யோசனைகளையும் சேர்த்துத்தான் செய்கிறது. வகுப்பில் பெஞ்சுக்கு ஒரு முறை கலைத்துப் போடச் சொன்னாலே போதும், பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

13 ஜூன் 2025

“ப்ராஃபெட்டிலும் மாற்றப் புள்ளி வருகிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாமா?” வேண்டாம். அது முன்கணிப்புக்கான கருவி. நாம் எதுவும் சொல்லாவிட்டால் தொடரின் முதல் 80 சதவீதத்தில் 25 இடங்களை அதுவே சமதூரத்தில் நட்டு வைத்து, அங்கெல்லாம் சரிவு கொஞ்சம் வளையலாம் என்று விடும். கடைசி 20 சதவீதத்தில் தேடவே தேடாது. 2016 முதல் 2025 வரையிலான தரவில் ஃபெஞ்சல் அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது.

15 ஜூன் 2025

கடலூர் முதுநகர்த் துறைமுகப் பக்கம் ஐஸ் தொழிற்சாலை நடத்தும் ஒருவர் தன் மின்நுகர்வுத் தரவை அனுப்பியிருக்கிறார், 2010இலிருந்து. 2011 டிசம்பர் 30 தானே புயல் கரை ஏறிய நாள். கடலூரில் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தரவைப் பார்த்தால் அடிவயிறு கனக்கும். அன்றிலிருந்து பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பிறகு மெதுவாகப் பழைய அளவு. ரப்ச்சர்ஸ் இங்கே இரண்டு மாற்றப் புள்ளி காட்டுகிறது, போனது ஒன்று, வந்தது ஒன்று. அவர் கேட்பது: இதை மாற்றம் என்று சொல்லலாமா?

போய்த் திரும்பியது வேறு, போய் நிலைத்தது வேறு. சென், லியூ இருவரும் 1993இல் ஒற்றைப் பிறழ்வு, தற்காலிக மாற்றம், நிலை மாற்றம் என்று பிரித்துக் காட்டினார்கள். ஆரில் டிஎஸ்அவுட்லையர்ஸ் தொகுப்பு அந்தப் பிரிவினையோடு தேடும். அவருக்கு வேண்டியது அதுதான். ரப்ச்சர்ஸையே வைத்துக்கொள்வதானால் வர்க்கப் பிழையை விட்டுவிட்டுத் தனி மதிப்புப் பிழையைக் கொண்ட செலவுச் சார்பை (துண்டு எவ்வளவு பொருந்தவில்லை என்று அளக்கும் சூத்திரத்தை) எடுக்கலாம். ஒரு நாள் பிறழ்வு அதை அவ்வளவாக இழுக்காது. வாரக்கணக்கில் நீண்ட பூஜ்யம் இழுக்கத்தான் செய்யும்.

அதே தரவில் அவரே கவனிக்காத ஒன்று இருந்தது. பின்னொரு ஆண்டில் தினசரி ஆட்டம் பாதியாகக் குறைகிறது, சராசரி அப்படியே இருக்கிறது. கேட்டதற்கு, பழைய கம்ப்ரசரை மாற்றினோம் என்றார். சராசரியை மட்டும் தேடியிருந்தால் அது சிக்கியே இருக்காது. சராசரி, பரவற்படி இரண்டையும் சேர்த்துத் தேடும் கட்டளை சேஞ்ச்பாயிண்ட் தொகுப்பில் இருக்கிறது. பரவற்படி 1 என்ற சிக்கலும் அதற்குக் கிடையாது.

18 ஜூன் 2025

பாகூர் வாசகர் ஆர்பீஸ்ட் ஓட்டிவிட்டார். பருவம் போன பிறகு ஒரே ஒரு பெரிய தாவல், 2021 மார்ச்சில், ஏறத்தாழ உறுதி என்கிற அளவுக்கு வாய்ப்பு. 2021 தரப்பு இனிப்பு வாங்கிவிட்டார்களாம்.

கொஞ்சம் பொறுங்கள். மார்ச் மாதத்துக்கு முன்னும் பின்னும் உள்ள நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள். தட்டச்சு செய்த கோப்பு வேண்டாம், நோட்டே வேண்டும்.

19 ஜூன் 2025

படங்கள் வந்தன. இடது பக்கம் நீல மை, சாய்ந்த கையெழுத்து: 610, 590, 620, 600. வலது பக்கம் கறுப்பு மை, நிமிர்ந்த கையெழுத்து: 843, 857, 838, 851.

கடைசி இலக்கத்தைப் பாருங்கள். அதற்கு முந்தைய எல்லா வாசிப்பும் பூஜ்யத்தில் முடிகிறது. பிறகு எந்த இலக்கமும் வருகிறது. தண்ணீருக்கு இலக்கம் தெரியாது, மீட்டருக்குத் தெரியும். பத்துப் பத்தாகக் காட்டும் மீட்டர் போய், ஒன்று ஒன்றாகக் காட்டும் மீட்டர் வந்திருக்கிறது.

ஏன் அது முக்கியம்? கையடக்க டிடிஎஸ் மீட்டர் எதுவும் உப்பை எடை போடுவதில்லை. தண்ணீரின் மின்கடத்துத்திறனை அளந்து ஒரு காரணியால் பெருக்கிக் காட்டுகிறது. சில மீட்டர்களில் அந்தக் காரணி 0.5, சிலவற்றில் 0.7. செ.மீ.க்கு 1200 மைக்ரோசீமன்ஸ் கடத்தும் அதே தண்ணீர் முதல் மீட்டரில் 600, இரண்டாவதில் 840. உங்கள் பக்கத்தின் எண்களும் இவையேதான். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாதபோது 2000 வரை பொறுக்கலாம். மீட்டரை மாற்றினாலே அந்த 500ஐத் தாண்டிவிடவும் முடியும், தாண்டாமல் இருக்கவும் முடியும். பழைய மீட்டர் இன்னும் இருக்கிறதா?

21 ஜூன் 2025

இருந்திருக்கிறது, மோட்டார் அறை அலமாரியில். புதிய பேட்டரி போட்டு, இரண்டு மீட்டரையும் ஒரே வாளித் தண்ணீரில் நிறுத்தினார்கள். பழையது 640, புதியது 893. விகிதம் கிட்டத்தட்ட 1.4. மழைநீரிலும், பக்கத்துத் தோட்டக் கிணற்று உப்புத் தண்ணீரிலும் செய்து பார்க்கச் சொன்னேன். அங்கேயும் அதே விகிதம்.

பழைய வாசிப்புகளை எல்லாம் 1.4ஆல் பெருக்கி மறுபடி ஓட்டினார். 2021 மார்ச் தாவல் சுத்தமாக மறைந்துவிட்டது.

மழையளவுத் துறைக்காரர்கள் இதை நீண்ட காலமாகவே செய்து வருகிறார்கள். மழைமானியை இடம் மாற்றினால், பக்கத்தில் மரம் வளர்ந்தால், தொடரில் பொய்த் தாவல் வரும். அதைப் பிடிக்கத்தான் அலெக்சாண்டர்சன் 1986இல் தன் சோதனையை எழுதினார். பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்டு, ஒரு நிலையம் மட்டும் தாவினால் கருவியைச் சந்தேகப்படுவது. ஆரில் டிரெண்ட் என்ற தொகுப்பில் அந்தச் சோதனையும், 1979இல் வந்த பெட்டிட் சோதனையும் இருக்கின்றன. இரண்டும் ஒரே ஒரு மாற்றத்தைத்தான் தேடும் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் தெருவில் வேறு யாராவது கிணற்று அளவு எழுதி வைத்திருந்தால் அதையும் வாங்குங்கள். எந்த மென்பொருளைவிடவும் அது பெரிய உதவி.

22 ஜூன் 2025

“அப்படியானால் மென்பொருள் தோற்றுவிட்டதா?” என்று ஒருவர். தோற்கவில்லை. 2021 மார்ச்சில் எண்கள் மாறின, அது கண்டுபிடித்தது. ஏன் மாறின என்று சொல்வது அதன் வேலை அல்ல. நைல் தரவிலேயே அஸ்வானின் முதல் அணை கட்டிய காலம் 1898 முதல் 1902 வரை. அணைதான் காரணம் என்பவர்களும் இருக்கிறார்கள், வெப்பமண்டல மழை அந்தக் காலத்தில் குறைந்ததைக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். அந்த 100 எண்களை எந்த மென்பொருளில் போட்டாலும் அந்த வழக்கு தீராது.

28 ஜூன் 2025

இப்போது உண்மையான வேலை. மீட்டரைத் திருத்திய தொடரை வரைந்து பார்த்தால், 2016இலிருந்து கொஞ்ச காலம் தட்டையாகப் போய், பிறகு மெல்ல மெல்ல ஏறுகிறது. தாவல் எங்கும் இல்லை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டியது. உங்கள் கிணற்றில் டிடிஎஸ் அந்த வாரங்களில் நன்றாக இறங்கி, கோடைக்குள் பழைய ஏற்றத்திலேயே வந்து சேர்ந்திருக்கிறது. புயல் உப்பைக் கொண்டுவந்ததாக இந்தத் தொடரில் தெரியவில்லை.

இந்த மாதிரி ஏற்றத்துக்குச் சராசரி மாற்றம் தேடும் கருவியைக் கொடுத்தால் ஏற்றத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தேதி சொல்லும். அந்தத் தேதிகளுக்கு ஒரு பொருளும் கிடையாது. சரிவு எங்கே முறிகிறது என்று தேட வேண்டும். முஜியோ எழுதிய செக்மெண்டட் தொகுப்பு இரண்டு கோடுகளை ஒட்டிய நிலையிலேயே பொருத்தும். ஸ்ட்ரக்சேஞ்ச் என்றால் கோடுகளுக்கிடையே தாவலையும் அனுமதிக்கும். எம்சிபி பேய்சிய வழி; முறிவு எங்கே இருக்கலாம் என்ற பரவலை முழுதாகத் தரும், அதற்கு ஜேக்ஸ் என்ற மென்பொருளையும் நிறுவ வேண்டும். ஆண்டுக்கு ஓர் எண் மட்டுமே இருந்தால் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் இலவசமாகத் தரும் ஜாயின்பாயிண்ட் நல்லது. நோய் விகிதங்களுக்கு எழுதியது, நமக்கும் உதவும்.

வாசகர் செக்மெண்டட், எம்சிபி இரண்டையும் ஓட்டினார். இரண்டும் 2019 நடுவிலிருந்து 2021 கடைசி வரை நீளும் ஓர் இடைவெளியைத் தருகின்றன. மெதுவாகத் தொடங்கும் ஏற்றத்துக்கு அவ்வளவு அகலம் இயல்பு. இரு தரப்பும் அந்த இடைவெளியை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதற்குள் ஒரு மாதத்தைப் பொறுக்கி எடுத்து மனுவில் எழுதினால், எதிர்த் தரப்பு முதல் கேள்வியிலேயே உடைத்துவிடும். “2019க்கும் 2021க்கும் இடையில் ஏறத் தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை” என்று எழுதுங்கள். அதை யாராலும் அசைக்க முடியாது.

2 ஜூலை 2025

காரைக்கால் பக்கத்து மாணவர், இத்தனை கருவிகளில் எது சிறந்தது என்று யாராவது ஒப்பிட்டார்களா என்று கேட்டார். வான் டென் பர்க், வில்லியம்ஸ் இருவரும் 2020இல் செய்தார்கள். 37 தொடர்கள், 14 முறைகள். எங்கே மாறியது என்று மனிதர்களைக் கொண்டு குறிக்கவைத்து, அதோடு ஒப்பிட்டார்கள். எப்போதும் “மாற்றமே இல்லை” என்று சொல்லும் ஒரு முறையையும் கூடவே போட்டியில் நிறுத்தினார்கள். இயல்பு அமைப்புகளோடு ஓடிய சில முறைகள் அதையே தாண்டத் திணறின. ஆதாம்ஸ், மெக்கே 2007இல் தந்த பேய்சிய நிகழ்நேர முறை, அமைப்புகளைப் பார்த்துச் சரிசெய்தபோது நன்றாக வந்தது. அமைப்புகளைத் தொடாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்தின் முதல் கேள்வியிலேயே பார்த்தோம்.

அபராதத்தை எவ்வளவு வைப்பது என்று தெரியாதவர்களுக்கு: சேஞ்ச்பாயிண்ட் தொகுப்பில் கிராப்ஸ் என்று ஒரு வசதி. ஒரே அபராதத்துக்குப் பதில் குறைந்தது இவ்வளவு, அதிகம் இவ்வளவு என்று கொடுத்தால், இடையிலுள்ள எல்லா வெட்டுகளையும் தரும். அபராதம் ஏற ஏறப் புள்ளிகள் உதிரும். நீண்ட தூரம் உதிராமல் நிற்பவை எவை என்று பாருங்கள்.

5 ஜூலை 2025

பாகூரிலிருந்து கடைசிக் கேள்வி: இனி புதிதாக மாறினால் உடனே தெரிய என்ன செய்வது?

வாராவாரம் பெல்ட் ஓட்ட வேண்டாம். கியூசம் போதும், நோட்டிலேயே இரண்டு கூடுதல் நிரல். போக்கையும் பருவத்தையும் கழித்த மீதியை இரைச்சலின் திட்ட விலக்கத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாரமும் அந்த எண்ணிலிருந்து 0.5ஐக் கழித்து முந்தைய தொகையோடு கூட்டுங்கள். சுழிக்குக் கீழே போனால் சுழியாக்கிவிடுங்கள். இது ஏற்றத்துக்கு. இறக்கத்துக்கு, எண்ணின் குறியை மாற்றிவிட்டு இதையே செய்த இன்னொரு நிரல். எந்தத் தொகையாவது 5ஐத் தாண்டினால் எச்சரிக்கை. வாசிப்புகள் ஒன்றையொன்று சாராமல் இருந்தால், எதுவுமே மாறாதபோதும் சராசரியாக 465 வாரங்களுக்கு ஒருமுறை பொய் எச்சரிக்கை வரும். 4 என்று வைத்தால் 168 வாரங்களுக்கு ஒருமுறை. உங்கள் தரவில் ஒட்டுறவு கொஞ்சம் இருப்பதால் இதைவிட அடிக்கடி வரும், 5இலிருந்து தொடங்குங்கள்.

பழைய மீட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். மாதம் ஒருமுறை இரண்டையும் ஒரே வாளியில் வைத்து இரண்டு எண்ணையும் எழுதுங்கள். மீட்டர், பேட்டரி, எழுதும் ஆள், மோட்டார் ஆழம், எது மாறினாலும் அந்த வாரத்துக்கு எதிரே தேதியோடு ஒரு வரி. முடிந்தால் டிடிஎஸ்ஸை விட்டுவிட்டு மின்கடத்துத்திறனையே எழுதத் தொடங்குங்கள். பல மீட்டர்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த அளவு வரும், காரணியைப் பற்றிய கவலை அதோடு தீர்ந்தது.